தோள் கொடுப்பீர்

ஹாலாஸ்யம் செய்த தப்பு ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை எட்டடிக்கு நாலடி தகரத்தில், நீலப் பின்னணியில், இருட்டிலும் மின்னும் வெள்ளை எழுத்தில் அடித்து, சுற்றுச்சாலை நெடுகப் பதினோரு இடத்தில் நட்டுவிட்டார்கள். மற்ற மனிதர்களின் தப்பெல்லாம் வாயோடு போய்விடும். அரசாங்கக் குமாஸ்தாவின் தப்புக்கு மட்டும் இரும்புக் கால் முளைத்து நடுரோட்டில் நிற்கும்.

விஷயம் இதுதான். திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போகிற அந்தச் சுற்றுச்சாலை காலையிலும் மாலையிலும் நெரிந்து நின்றுவிடுகிறது. அந்த ரோட்டின் இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், பழுதான வண்டி ஒதுங்குவதற்கென்று தார் போட்ட ஒரு பட்டை சும்மா கிடக்கிறது. நெரிசல் நேரத்தில் அரசுப் பேருந்துகள் மட்டும் அதில் மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று ஒரு சோதனைத் திட்டம் வந்தது. என்ஜினியர்கள் அந்தப் பட்டையை ஷோல்டர் என்பார்கள். தல்லாகுளத்தில் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்த திட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஹாலாஸ்யத்திடம் ஆங்கில உத்தரவைக் கொடுத்து, பலகைக்கு நாலு வார்த்தை தமிழில் கேட்டார்கள்.

‘ஓரத்தைப் பேருந்துக்கு விடவும்’ என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் ஹாலாஸ்யத்துக்குத் தமிழ் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. லீவு லெட்டரில்கூட எதுகை பார்க்கிறவர். ‘ஓரம்’ என்பது அவருக்கு வெண்டைக்காய் கூறு கட்டுகிற இடத்துச் சொல்லாகப் பட்டது. இரண்டு நாள் யோசித்து, ‘பேருந்துகளுக்குத் தோள் கொடுப்பீர்’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். மேலதிகாரி தமிழைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பலகை நட்ட மறுநாளே மதுரை சிரித்தது. பலகைக்குக் கீழே ஒருவன் பேருந்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி படம் வரைந்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஆபீஸில் அவர் பெயரே ‘தோள் சார்’ ஆயிற்று. ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. பலகைகளைக் கழற்றுவதற்கு டெண்டர் விட வேண்டும், டெண்டருக்கு ஒப்புதல் வர வேண்டும், அதனால் மூன்று வாரமாக அவை அப்படியே நின்றன. ஹாலாஸ்யம் தினமும் திருமங்கலத்திலிருந்து ஆபீசுக்குப் போகும்போது பதினோரு தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி பட்டு மட்டும் சிரிக்கவில்லை. “நன்னாத்தானே இருக்கு? யாரையாவது கெஞ்சிக் கேக்கறாப்பல இருக்கு” என்றாள். அவளுக்குப் பலகையைப் பார்க்க முடியாது. நான்கு வருஷத்துக்கு முன் கண்ணில் வந்த ஒரு தொற்று இரண்டு கருவிழியையும் வெளுத்துவிட்டுப் போயிருந்தது. இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணுக்கு மட்டும், யாராவது இறந்தவர் கொடுத்த கருவிழி கிடைத்தால், பார்வை வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான வரிசையில் பட்டு பதினாலு மாதமாக இருந்தாள்.

அந்தப் போன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தது. மாட்டுத்தாவணிப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல் அவசரமில்லாமல், தெளிவாகச் சொன்னது. ஒரு கருவிழி வந்திருக்கிறது. பட்டுவின் முறை. வெறும் வயிற்றோடு ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். ஒன்பது தாண்டினால் அடுத்த ஆளைத் தியேட்டருக்கு அழைத்துக்கொள்வார்கள். அந்த ஆளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஹாலாஸ்யம் “சரிம்மா, சரிம்மா, சரிம்மா” என்று மூன்று தடவை சொன்னார். போனை வைத்த பிறகும் ஒரு தடவை சொன்னார்.

காருக்குச் சொல்லலாம் என்று தெருமுனை ஸ்டாண்டுக்கு ஓடினார். டிரைவர் கையை விரித்தான். “சுத்துரோட்டுல கிரானைட் ஏத்துன டிரெய்லர் கவுந்து கெடக்கு சார். கப்பலூர்ல இருந்து ஒரு வண்டி நகரல. ஊருக்குள்ள போற ரோடும் அடைச்சுப் போச்சு. கார்ல போனா மத்தியானம்தான் போய்ச் சேருவீங்க.”

ஹாலாஸ்யம் அங்கேயே நின்றார். கார் போகாது. வேன் போகாது. ஓரப் பட்டையில் கார் ஏறினால் அபராதம் என்று சுற்றறிக்கை எழுதியவரே அவர்தான். நகரக்கூடிய ஒரே வண்டி அரசுப் பேருந்து. தன்னைச் சந்தி சிரிக்க வைத்த அந்தத் திட்டத்தை நம்பித்தான் இனி பட்டுவின் கண் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

ஏழு பத்துக்கு மாட்டுத்தாவணி பஸ் கிடைத்தது. பட்டுவை முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். டிரைவர் முத்திருளனுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. கண்டக்டர் பாண்டீஸ்வரி, தொண்டை கணீரென்ற பெண். ஹாலாஸ்யம் டிக்கெட் வாங்கும்போதே விஷயத்தைச் சொல்லி, “ஓரமா விட்டுப் போயிடலாமே, அனுமதி இருக்கே” என்று இழுத்தார்.

“முப்பது வருசமா வெள்ளக் கோட்டத் தாண்டாம ஓட்டுனவன் சார் நான்” என்றான் முத்திருளன். “உத்தரவு போட்டவக ஆபீசுல உக்காந்து போட்டுட்டாக. ஓரத்துல குழி இருக்கா, குண்டு இருக்கான்னு எவருக்குத் தெரியும்? கவுந்தா என்னையத்தான சஸ்பெண்டு பண்ணுவாக?”

உத்தரவு போட்ட ஆபீசின் ஆள் அவனுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கப்பலூர் தாண்டியதும் நெரிசலின் வால் வந்தது. வால் என்றுதான் நினைத்தார்கள். எட்டி எட்டிப் பார்த்தாலும் உடம்பு முடியவில்லை. லாரி, கார், வேன், சிமெண்ட் கலவை வண்டி, கல்யாணக் கோஷ்டி ஏறிய டெம்போ, எல்லாம் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ஜனம் இறங்கி ரோட்டில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தது. மணி ஏழு முப்பத்தைந்து.

பாண்டீஸ்வரி முன்னால் வந்தாள். “அண்ணே, அந்தம்மாவுக்குக் கண்ணு வந்திருக்காம்ணே. ஒம்பது மணிக்கு மேல போனா வேற ஆளுக்குக் குடுத்துருவாகளாம். ஏறுங்கண்ணே. எதுனா ஆச்சுன்னா நான்தான் விசில் குடுத்தேன்னு சொல்றேன்.”

முத்திருளன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு பேருந்தின் இடது சக்கரங்கள் ஒரு சின்னக் குலுக்கலோடு வெள்ளைக் கோட்டைத் தாண்டின.

அப்புறம் நடந்ததை ஹாலாஸ்யம் பல நாள் பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் அது சரியாகப் போய்ச் சேரவில்லை. பேருந்து வேகமாகப் போகவில்லை. சைக்கிளை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் வலது பக்கம் உலகமே நின்றிருந்தது. ஆயிரக்கணக்கான வண்டிகள், அதற்குள் ஆயிரக்கணக்கான முகங்கள், எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இடது பக்கம் அறுத்துவிட்ட வயல், கண்மாய், அதற்கப்பால் வெயில் ஏறிக்கொண்டிருந்த யானைமலை. நடுவில் அந்தப் பட்டை நீளத்துக்கும் காலியாகக் கிடந்தது. மதுரையில் ஒரு சாண் ரோடு காலியாக இருந்தால் அதில் ஒரு பைக்காவது நுழைந்துவிடும். அன்றைக்கு யாரும் நுழையவில்லை. பஸ் வருவதைப் பார்த்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்களே கையைக் காட்டி வழிவிட்டார்கள். இத்தனை பேர் ஒரு பஸ்சுக்காக ஒதுங்கி நிற்பதைப் பார்த்து ஹாலாஸ்யத்துக்கு ரோமம் சிலிர்த்தது.

“ஏன்னா” என்றாள் பட்டு. “ஒரு காதுல ஒரே ஹாரனா இருக்கு. இன்னொரு காதுல கொக்கு கத்தறது. எங்க போயிண்டிருக்கோம்?”

“தோள்லதான்டி போயிண்டிருக்கோம்” என்றார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னார்.

ஒத்தப்பனை ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கை நெருங்கும்போது அது நடந்தது. யாரோ குழாய் பதிக்கப் பட்டையைக் குறுக்கே வெட்டிவிட்டு, மண்ணைத் தள்ளி மேலே விரல்கனத்துக்குத் தாரைப் பூசி மறைத்திருந்தார்கள். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. அந்தப் பக்கமெல்லாம் கரிசல். முன் சக்கரம் தப்பித்துவிட்டது. பின் சக்கரம் தாரைப் பிளந்துகொண்டு அச்சு வரைக்கும் இறங்கியது. பேருந்து இடது பக்கமாகச் சாய்ந்து, ஆளுயரப் பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஒவ்வொருவராக முன்படி வழியே இறங்கினார்கள். முத்திருளன் கீழே வந்து சக்கரத்தைப் பார்த்தான். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். “முப்பது வருசம்” என்று மட்டும் சொன்னான்.

நெரிசலில் நின்ற லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒரு இருபது பேர் தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் சுழன்று எல்லார் மேலும் சேற்றை அடித்துவிட்டு இன்னும் நாலு விரல் உள்ளே போயிற்று. கிரேன் வர வழியில்லை. ஒரு இளைஞன் தன் பைக்கில் பட்டுவைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். ஹாலாஸ்யம் கைகூப்பினார். கண் தெரியாமல் வாசல்படியில் விழுந்து, போன வருஷம்தான் இடுப்பில் தகடு வைத்திருந்தது அவளுக்கு. பைக்கில் ஏறி உட்கார முடியாது. விலக்கிலிருந்த ஒரே ஆட்டோவும் காலையிலேயே எங்கோ போய்விட்டிருந்தது. மணி எட்டு ஐந்து. பஸ்சுக்கு வழி கிடைத்தால் இருபது நிமிஷப் பயணம். பட்டு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து எதுவும் கேட்காமல் இருந்தாள். அவள் கேட்காதது ஹாலாஸ்யத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவளால் பார்க்க முடியாது என்பதை மறந்து அவர் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது விலக்குப் பாதையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு மூன்று பேர் இல்லை, ஊரே வந்தது. முன்னால் வந்தவர் கறுத்து, கட்டையாக, வெள்ளை மீசை வைத்திருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பெயர் வெள்ளைத்துரை என்பது பின்னால்தான் தெரிந்தது.

“டிரைவரு யாருப்பா?” என்றார். முத்திருளன் எழுந்தான். “என்னப்பா இது? போர்டு போட்டு மூணு வாரமாச்சு. நாங்களும் இந்தா வருது, அந்தா வருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கோம். இன்னைக்குத்தான் வந்திருக்கீக!”

“எந்தப் போர்டு?” என்றான் முத்திருளன்.

வெள்ளைத்துரை கையை நீட்டினார். விலக்கின் முனையில் அது நின்றது. பேருந்துகளுக்குத் தோள் கொடுப்பீர்.

ஹாலாஸ்யம் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

“மொதல்ல எங்களுக்கும் வெளங்கல” என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். “பஸ்சுதான் நல்லா ஓடுதே, எதுக்கு நம்மளத் தோள் குடுக்கச் சொல்றாகன்னு. அப்புறம் டீக்கடையில பேசி முடிவு பண்ணோம். ஓரத்துல போனா என்னைக்காவது எறங்கும்ல? எறங்குனாத் தூக்கிவிட ஆளு வேணும்ல? அதுக்குத்தான் கவர்மெண்டே முன்கூட்டிக் கேட்டு வச்சிருக்கு. தெருவுக்கு அஞ்சு பேருன்னு பேரு எழுதிவச்சாச்சு.”

“இன்னைக்குக் கீழத்தெரு மொறை” என்றான் இன்னொருவன். “ஆனா எல்லாரும் வந்துட்டோம்.”

நெரிசலில் நின்ற கார்க்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்ற யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பாண்டீஸ்வரி நேரத்தை வீணாக்கவில்லை. பட்டுவைக் காட்டி, தன் கணீர்க் குரலில் கண் விஷயத்தையும் ஒன்பது மணி விஷயத்தையும் நாலு வரியில் சொன்னாள். வெள்ளைத்துரை சக்கரத்தருகில் குனிந்து, அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று முழங்கையால் அளந்தார். எழுந்து, “தண்டக் கொண்டாங்கடா” என்றார்.

தண்டு என்றால் அவர்கள் ஊர்க் காளியம்மன் சப்பரத்தைத் தூக்குகிற மரம். இருபத்திரண்டு அடி நீளம், இரண்டு மரம், வைரம் பாய்ந்த வாகை. வருஷத்தில் ஒரு நாள், பங்குனியில் மட்டும்தான் அது கோயிலை விட்டு வெளியே வரும். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “ஆத்தா தண்டையா மாமா? பஸ்சுக்கா?”

“ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். நீ போ” என்றார் வெள்ளைத்துரை.

பத்து நிமிஷத்தில் மரங்கள் வந்தன. அவற்றைச் சுமந்து வந்தவர்கள் கீழே வைக்கவில்லை. தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். எடுத்த தண்டைக் கோயிலுக்குத் திரும்பும் முன் மண்ணில் வைப்பது அந்த ஊர் வழக்கமில்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால், பேருந்தின் அடியில் குறுக்காக இரண்டையும் செருகினார்கள். சாய்ந்திருந்த பக்கம் பள்ளம் அல்லவா? அந்தச் சரிவில் இறங்கி நின்றபோது தண்டு சரியாக ஆள் தோள் உயரத்துக்கு வந்தது. ஆண்கள் துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். லாரிக்காரர்கள் இறங்கினார்கள். கல்யாண டெம்போவிலிருந்து பட்டு வேட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். சிரித்த கார்க்காரர் ஷூவைக் கழற்றி ரோட்டில் வைத்துவிட்டு இறங்கினார். பெண்கள் கல்லும் பனஞ்சட்டமும் கைமாற்றிக் கைமாற்றிக் குழிக்குப் பக்கத்தில் குவித்தார்கள்.

ஹாலாஸ்யம் வாழ்நாளில் ஆபீஸ் கோப்பைத் தவிர எதையும் தூக்கியவரில்லை. ஆனாலும் இறங்கினார். வெள்ளைத்துரைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. “சாமி, துண்டு இல்லாம வைக்காதீக, தோலு உரிஞ்சிரும்” என்று சொல்லி அவர் தன் துண்டையே மடித்து இவர் தோளில் போட்டார். அவருடைய வெறும் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காய்ப்பு இருந்தது.

“எல்லாரும் ஒரே மூச்சு” என்றார் வெள்ளைத்துரை. “நான் ஆத்தான்னு சொல்லுவேன். அப்பத்தான் எந்திரிக்கணும். முன்னாடி எந்திரிச்சா பாரம் ஒன் மேல வரும், பின்னாடி எந்திரிச்சா அடுத்தவன் மேல வரும்.”

ரோட்டில் ஹாரன் சத்தம்கூட இல்லை.

“ஆத்தா!”

ஹாலாஸ்யம் கண்ணை இறுக்கிக்கொண்டு எழுந்தார். பேருந்து தன்னை நசுக்கப்போகிறது என்றுதான் நினைத்தார். தோளில் வந்து உட்கார்ந்தது ஒரு குடம் தண்ணீர்ப் பாரம். அவ்வளவுதான். நம்ப முடியாமல் கண்ணைத் திறந்தார். அவ்வளவு பெரிய பேருந்து நாலு விரல் உயரம் மேலே வந்து, மனிதத் தோள்களின் மேல், அசையாமல் நின்றது. மேலே கையிலிருந்து கைக்குக் கல் போயிற்று, சக்கரத்தின் அடியில் விழுந்தது. “எறக்கு.” மறுபடி “ஆத்தா!” மறுபடி நாலு விரல். இந்தத் தடவை கூட்டம் முழுக்கச் சேர்ந்து அந்த ஒரு சொல்லைக் கத்தியது. நூறு குரல், அதற்கு மேலும் இருக்கும். மூன்றாவது தடவை ஹாலாஸ்யமும் கத்தினார். அவர் குலதெய்வம் வேறு, கோயில் வேறு, அவர் வீட்டில் சாமியைக் கூப்பிடுகிற பாஷையே வேறு. அந்த நிமிஷத்தில் அதெல்லாம் அவர் நினைவில் இல்லை. இதைவிடப் பெரிய ஒன்றை இனிப் பார்க்கப்போவதில்லை என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

பனஞ்சட்டத்தைச் சரிவாக வைத்தார்கள். முத்திருளன் ஏறி என்ஜினைக் கிளப்பினான். பேருந்து ஒரு முறை முனகி, தண்டுகளை விட்டு முன்னால் உருண்டு, கெட்டித் தாரில் ஏறி நின்றது. பாரம் போன பிறகும் அவர்கள் தண்டைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். லாரிகளின் வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கைதட்டல் நின்றிருந்த வண்டிகள் நெடுக, பார்க்காதவர்கள் வரைக்கும், தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

மணி எட்டு முப்பது. பட்டுவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். ஹாலாஸ்யம் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். “உங்களுக்கெல்லாம் நான் எப்படி…” என்று ஆரம்பித்தார்.

“எங்களுக்கு எதுக்குச் சாமி? அந்தப் போர்ட எழுதுன மகராசன் எங்க இருக்காரோ, அவருக்குச் சொல்லுங்க” என்றார் வெள்ளைத்துரை. “இந்த ரோட்டுல எம்புட்டுப் போர்டு இருக்கு. நிக்காதே, போகாதே, மீறுனா அவதாரம்… அதென்ன, அபராதம். எங்களக் கேட்டு ஒருத்தரும் ஒரு போர்டும் வச்சதில்ல. இது ஒண்ணுதான் மரியாதையாக் கேட்டுச்சு. கொடுப்பீருன்னு.”

ஹாலாஸ்யம் வாயைத் திறந்தார். அது தப்பாக எழுதிய பலகை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பாண்டீஸ்வரி விசில் கொடுத்தாள். அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

கவிழ்ந்த டிரெய்லரைத் தாண்டியதும் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. முத்திருளன் ஆஸ்பத்திரிக்குப் போகிற திருப்பத்திலேயே நிறுத்தி இறக்கிவிட்டான். எட்டு ஐம்பத்தாறுக்கு அவர்கள் இரண்டாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் பட்டுவின் பெயரைக் கேட்டு, கையில் ஒரு சீட்டுக் கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடுவதற்குள் பட்டு, “ஏன்னா, நீங்க ஏதாவது சாப்பிடுங்கோ” என்றாள்.

ஹாலாஸ்யம் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கையில் அவனுக்கும் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. நர்ஸ் திரும்பி வந்து அவன் முன்னால் குனிந்து, அந்தச் சீட்டைக் கத்தரித்தாள். “சின்னச்சாமி, அவங்க வந்துட்டாங்கப்பா. நீங்க போய்ச் சாப்பிடலாம். அடுத்த கண்ணு வந்தா கூப்பிடுறோம்.”

“சரிங்க சிஸ்டர்” என்றான் அவன்.

ஹாலாஸ்யத்துக்கு யார் இவன் என்பது புரிந்தது. போனில் சொன்ன அடுத்த ஆள். காலையிலிருந்து ஒன்பது மணி, ஒன்பது மணி என்று தவித்தபோதெல்லாம், அதே ஒன்பது மணிக்காக இன்னொருவன் இங்கே பசியோடு காத்துக்கொண்டிருப்பான் என்று ஒரு தடவைகூட அவர் நினைக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். கடைசியில், “காப்பி சாப்பிடறியாப்பா?” என்று கேட்டார்.

அவன்கூட வந்த மச்சான் எங்கோ போயிருந்தான். ஹாலாஸ்யமே அவனைக் கைபிடித்துக் கீழே கேண்டீனுக்கு அழைத்துப் போனார். மேலூர்ப் பக்கம் குவாரி வேலையாம். வெடி வைத்தபோது கல் தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டதாம். இரண்டு வருஷம். பெண் குழந்தை ஒன்று, பிறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதை அவன் இன்னும் பார்த்ததில்லை. இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னான்.

“நான்தான் அவளோட ஆத்துக்காரன். உள்ள போனாளே, பட்டுன்னு” என்றார் ஹாலாஸ்யம். சொல்லாமல் அந்தக் காப்பியைக் குடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

சின்னச்சாமி டம்ளரைக் கீழே வைத்தான். “திருமங்கலத்துல இருந்துதானய்யா வரணும்னு சொன்னாக” என்றான். “அந்த ரோடே ஜாமுன்னு இங்க எல்லாரும் பேசிக்கிட்டாக. அதக் கேட்டதும் நான் வேண்டிக்கிட்டேன்யா. இது இப்படியே நிக்கட்டும், ஒம்பது மணி வரைக்கும் ஒண்ணும் நகரக் கூடாதுன்னு. தப்புத்தான். மன்னிச்சுருங்க.”

ஹாலாஸ்யம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படித்தான்யா வந்தீக?”

அவர் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதை, பின் சக்கரம் இறங்கியதை, தண்டு வந்ததை, நூறு பேர் ஒரே சொல்லாகக் கத்தியதை. சின்னச்சாமி காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, வாயில் வைக்காமல், முழுசையும் கேட்டான்.

“நானும் அந்தப் பக்கம் நின்னுருந்தா தூக்கியிருப்பேன்யா” என்றான். “பஸ்சுக்குள்ள யாரு இருக்காகன்னு தெரியாதுல்ல.” கொஞ்சம் யோசித்தான். “தெரிஞ்சாலும் தூக்கியிருப்பேன்.”

ஹாலாஸ்யம் அழுதார். சேறு காய்ந்த சட்டையோடு, ஜனம் போய்வந்துகொண்டிருந்த கேண்டீனில், சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சின்னச்சாமி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான்.

“குடிங்கய்யா, ஆறிரப் போகுது” என்றான்.